காது பாதி, மூளை மீதி

எங்கள் வீடு ராஜபாளையத்தில் இருக்கிறது. மாடியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு விட்டிருக்கிறோம். நான் சாப்ட்வேர் வேலையில் சென்னையில் இருக்கிறேன். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று போன வருடம் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் டைப்பிங் தெரியாது. அதனால் ஒரு மைக்கையும் மாட்டி, பேசினால் தானே எழுதிக் கொள்ளும் வசதியைக் கற்றுக் கொடுத்துவிட்டுச் சென்னை திரும்பினேன்.

ஒரு மாதம் கழித்து அப்பாவிடமிருந்து போன்.

"ஏம்ப்பா, உன் மெஷின் என் வாடகையில பாதியை முழுங்கிருச்சு."

நடந்தது இதுதான். மாடியில் குடியிருக்கும் பையனுக்கு அப்பா ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். "இந்த மாதம் அறை வாடகை மட்டும் கொடுத்தால் போதும், கரண்ட் பில் அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம்" என்று அவர் பேசினார். கம்ப்யூட்டர் எழுதியது, "இந்த மாதம் அரை வாடகை மட்டும் கொடுத்தால் போதும்". அப்பா திருப்பிப் படிக்காமல் அனுப்பிவிட்டார். அந்தப் பையனின் அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். நிலைமை தெரிந்துதான் பெரியவர் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்து, பாதி வாடகையைக் கையில் கொடுத்துவிட்டுக் கண் கலங்க நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"அவன்கிட்டப் போய், மெஷின் தப்பா எழுதிருச்சுன்னு சொல்லவா முடியும்? போகட்டும். ஆனா அது ஏன் அப்படி எழுதுச்சு? அதைச் சொல்லு" என்றார் அப்பா.

நியாயமான கேள்வி. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பேசி எழுதப் பழகும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும். பதில் கம்ப்யூட்டருக்குள் தொடங்கவில்லை. நம் தலைக்குள் தொடங்குகிறது. எனவே முதலில் மூளை எப்படிக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டருக்கு வருவோம்.

காதில் விழுவது எவ்வளவு?

ஒருவர் பேசுகிறார், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக நம் காதில் விழுகிறது, அதனால் புரிகிறது என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். இது உண்மையல்ல.

1964-ல் அமெரிக்காவில் பொல்லாக், பிக்கெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். சாதாரணமாக நடக்கும் உரையாடலை டேப்பில் பதிவு செய்து, அதிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக வெட்டி எடுத்துத் தனித்தனியே போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்கள் சரியாகச் சொன்னது பாதிக்கும் சற்றுக் குறைவு. அதே வார்த்தைகள் பேச்சின் நடுவில் இருந்தபோது யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. முன்னும் பின்னும் இருந்த வார்த்தைகளைச் சேர்த்துக் கேட்கவிட்டபோது சரியான விடைகள் கூடிக் கொண்டே போயின.

நம் பேச்சை எடுத்துக் கொள்ளுங்கள். "நான் வந்து கொண்டு இருக்கிறேன்" என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. "நா வந்துட்ருக்கேன்" என்கிறோம். பாதி எழுத்துகள் காணாமல் போய்விட்டன. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடைவெளியும் இல்லை. காகிதத்தில்தான் வார்த்தைகளுக்கு இடையே வெள்ளை இடம் உண்டு. ஒலியில் எல்லாம் ஒரே சங்கிலி.

பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் "பொதுமொழி" என்று படித்திருப்பீர்கள். "எட்டு" என்றால் எண்ணும் ஆகலாம், எள் + து என்று பிரித்து எள்ளைத் தின்பாயாக என்றும் பொருள் கொள்ளலாம். "பலகை" என்பது மரப்பலகையாகவும் இருக்கலாம், பல + கை என்றும் பிரியலாம். ஒலி ஒன்று, பிரிக்கும் விதம் இரண்டு. எது சரி என்பதை முன்னும் பின்னும் வரும் வார்த்தைகள்தான் முடிவு செய்கின்றன. இதைத்தான் "சூழல்" என்கிறோம். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடம், இன்று பேச்சைப் புரிந்து கொள்ளும் கம்ப்யூட்டர் படிக்க வேண்டிய முதல் பாடம்.

இருமல் சோதனை

அடுத்த சோதனை இன்னும் வியப்பானது. 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியல் ஆய்வாளர் ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பதிவு செய்தார். அதில் "லெஜிஸ்லேச்சர்ஸ்" என்ற வார்த்தை வரும். அதன் நடுவில் இருக்கும் "ஸ்" என்ற ஒலியை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமல் சத்தத்தை ஒட்டினார். 20 பேரை அழைத்துப் போட்டுக் காட்டி, "ஏதாவது எழுத்து விடுபட்டிருக்கிறதா?" என்று கேட்டார்.

19 பேர், எதுவும் விடுபடவில்லை என்றார்கள். ஒருவர் மட்டும் விடுபட்டிருக்கிறது என்றார். அவரும் வேறு எழுத்தைத்தான் காட்டினார்! அந்த "ஸ்" டேப்பில் இல்லவே இல்லை. ஆனாலும் அது அவர்கள் காதில் தெளிவாகக் கேட்டது. இருமலுக்குப் பதிலாக வெறும் மௌனத்தை வைத்தபோது, ஓட்டை இருப்பதை மக்கள் எளிதாகக் கண்டுபிடித்தார்கள். அதாவது, சத்தம் ஒன்று மறைத்தால், "அதற்குப் பின்னால் எழுத்து இருந்திருக்கும்" என்று மூளை தானே நிரப்பிக் கொள்கிறது. மறைக்க எதுவும் இல்லாவிட்டால் நிரப்புவதில்லை.

ரிச்சர்ட் வாரனும் அவர் மனைவி ரோஸ்லினும் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார்கள். "ஈல்" என்று முடியும் ஒரு வார்த்தையின் முதல் எழுத்தை இருமலால் மறைத்தார்கள். வாக்கியத்தின் கடைசி வார்த்தையை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கடைசியில் வண்டி அச்சைக் குறிக்கும் வார்த்தை வந்தால் "வீல்" என்றும், ஷூ என்று வந்தால் "ஹீல்" என்றும், ஆரஞ்சு என்று வந்தால் தோலைக் குறிக்கும் "பீல்" என்றும், மேசை என்று வந்தால் சாப்பாட்டைக் குறிக்கும் "மீல்" என்றும் கேட்டதாக மக்கள் சொன்னார்கள்.

கவனியுங்கள், குறிப்பு கொடுக்கும் வார்த்தை பின்னால் வருகிறது. முதலில் வந்த ஒலியை மூளை முடிவு செய்யாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக் கொண்டு, பின்னால் வருவதைப் பார்த்துவிட்டு, முன்னால் கேட்டதைத் தீர்மானிக்கிறது. நமக்கு அது தெரிவதே இல்லை.

வார்த்தை முடியும் முன்பே விடை

மூளை பின்னால் பார்ப்பது போலவே முன்னாலும் ஓடுகிறது. "கம்ப" என்று நான் சொல்லத் தொடங்கினால், உங்கள் மூளையில் கம்பு, கம்பி, கம்பளி, கம்பர், கம்பம், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். அடுத்த ஒலி வர வர, பொருந்தாதவை உட்கார்ந்துவிடும். கடைசியில் நிற்பது ஒன்றுதான். இங்கிலாந்தின் வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் என்ற ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இது.

"குளிர் தாங்கவில்லை, அந்தக் கம்ப..." என்று தொடங்கினால்? கம்பளி என்று நீங்களே முடித்துவிட்டீர்கள் அல்லவா? 1980-ல் பிரான்சுவா க்ரோஷான் என்பவர் இதை அளந்து பார்த்தார். ஒரு வார்த்தையைத் தனியாகக் கேட்டால், அதைக் கண்டுபிடிக்கச் சராசரியாக ஒரு வினாடியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஒலி தேவைப்பட்டது. பொருத்தமான வாக்கியத்துக்குள் வைத்தால் சுமார் ஐந்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. சூழல் இருந்தால் குறைந்த ஒலியே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் இதை எப்படிக் கற்றது?

தொடக்கத்தில் கம்ப்யூட்டருக்குக் காது மட்டும்தான் இருந்தது. 1952-ல் பெல் ஆய்வகம் செய்த "ஆட்ரி" என்ற கருவி பூஜ்யம் முதல் ஒன்பது வரை உள்ள எண்களை மட்டும், அதுவும் பழகிய ஒருவரின் குரலில், கண்டுபிடித்தது. ஒலியின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. பத்து வார்த்தைகளுக்கு இது சரி. பத்தாயிரம் வார்த்தைகளுக்கு உதவாது.

1970-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிரெடரிக் ஜெலினெக் தலைமையிலான குழு வேறு வழியில் போனது. ஒலியை மட்டும் பார்க்காமல், "இந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம்?" என்பதையும் கணக்கிட்டார்கள். ஏராளமான எழுத்துப் பிரதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த இரண்டு, மூன்று வார்த்தைகள் சேர்ந்து வருகின்றன என்று எண்ண வைத்தார்கள். 1980-களின் நடுவில் அவர்கள் உருவாக்கிய "டாங்கோரா" 20,000 வார்த்தைகளைக் கையாண்டது. ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் பிறகு சற்று நிறுத்திப் பேச வேண்டும். நிறுத்தாமல் சாதாரணமாகப் பேசி எழுதும் "டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்" 1997-ல்தான் வந்தது. 2017-ல் கூகுள் தன் குரல் வசதியில் தமிழையும் சேர்த்தது.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது? நீங்கள் அவசரமாக "மள பெய்யுது" என்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். மைக்கில் விழுந்த ஒலி "மழை"யா, "மலை"யா என்று சந்தேகம். கம்ப்யூட்டர் தான் படித்தவற்றைப் பார்க்கிறது. "மழை பெய்யுது" எத்தனையோ முறை வந்திருக்கிறது. "மலை பெய்யுது" வந்ததே இல்லை. எனவே "மழை" என்று எழுதுகிறது. காது சொன்னது கொஞ்சம், கணக்குச் சொன்னது மீதி.

இரண்டு, மூன்று வார்த்தைகளை மட்டும் பார்க்கும் முறைக்கு ஒரு குறை உண்டு. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்:

பனி காரணமாக இன்று காலை எல்லா ரயில்களும் தாமதம்.

பணி காரணமாக இன்று காலை அண்ணன் வரவில்லை.

முதல் வார்த்தையை முடிவு செய்யும் குறிப்பு, நான்கு வார்த்தை தள்ளித்தான் கிடைக்கிறது. மூன்று வார்த்தை ஜன்னல் வழியே பார்த்தால் அது தெரியாது. இன்றைய சாப்ட்வேர்கள் "நியூரல் நெட்வொர்க்" என்ற முறையில் முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன. நீங்கள் பேசும்போது திரையில் ஒரு வார்த்தை தோன்றி, சற்று நேரத்தில் தானே வேறு வார்த்தையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் கோளாறு என்று பயப்பட வேண்டாம். பின்னால் வந்ததைப் பார்த்து முன்னால் எழுதியதைத் திருத்துகிறது. வாரன் தம்பதியரின் சோதனையில் மூளை செய்ததைத்தான் அதுவும் செய்கிறது.

மூளையைப் போலவே, இல்லாததைக் கேட்கும் பழக்கமும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. 2022-ல் வெளிவந்த "விஸ்பர்" என்ற புகழ்பெற்ற சாப்ட்வேர், யாரும் பேசாத இடங்களில்கூடச் சில சமயம் முழு வாக்கியங்களை எழுதிவிடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நிரப்பத் தெரிந்த எதுவும் தப்பாகவும் நிரப்பும்.

நீங்களே செய்து பாருங்கள்

சோதனை 1: இதற்கு இன்டர்நெட், மைக், குரோம் போன்ற ஒரு பிரவுசர் மூன்றும் தேவை.

1. கூகுள் டாக்ஸ் திறந்து, புதிய டாக்குமென்ட் ஒன்றை எடுங்கள்.

2. டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் என்பதைக் க்ளிக் செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினாலும் வரும்.

3. இடது பக்கம் ஒரு மைக் படம் தோன்றும். அதற்கு மேலே உள்ள மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

4. மைக் படத்தைக் க்ளிக் செய்யுங்கள். மைக்கைப் பயன்படுத்த பிரவுசர் அனுமதி கேட்டால் கொடுங்கள். படம் சிவப்பாக மாறியதும் பேசலாம்.

முதலில் "பனி", "பணி", "மழை", "மலை", "கரை", "கறை" என்று ஒவ்வொரு வார்த்தைக்குப் பிறகும் நிறுத்திச் சொல்லுங்கள். வந்ததை அப்படியே வைத்துக் கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தில் வைத்து, இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். "சட்டையில் பட்ட கறை போகவில்லை", "ஆற்றின் கரை உடைந்தது" என்பது போல. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, குழந்தைக்குச் சொல்வது போல வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொல்வது. டாங்கோரா காலத்துக்கு அது சரி. இன்றைய சாப்ட்வேருக்கு நாம் அப்படிப் பேசினால், சூழலைப் பறித்துக் கொண்டு காதை மட்டும் விட்டு வைக்கிறோம் என்று பொருள்.

சோதனை 2: ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் இதற்குப் போதும்.

1. வீட்டில் இருவர் சாதாரணமாகப் பேசுவதை, அவர்கள் சம்மதத்துடன், ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். திரையில் ஒலி அலைகள் தெரியும்.

2. மவுஸால் இழுத்து, ஒரே ஒரு வார்த்தையை மட்டும் செலக்ட் செய்து, ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். அந்தத் துண்டு மட்டும் ஒலிக்கும். அந்தப் பேச்சைக் கேட்டிராத ஒருவரிடம் இது என்ன வார்த்தை என்று கேளுங்கள். 1964-ன் சோதனை உங்கள் வீட்டிலேயே நடந்துவிட்டது.

3. இன்னொரு வார்த்தையின் நடுவில், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவு செலக்ட் செய்யுங்கள். ஜெனரேட் மெனுவில் சைலன்ஸ் கொடுங்கள். அந்த இடம் மௌனமாகிவிடும். கேட்டுப் பாருங்கள்.

4. கண்ட்ரோல், ஜெட் அழுத்தி அதை நீக்குங்கள். அதே இடத்தில் இப்போது ஜெனரேட் மெனுவில் நாய்ஸ் கொடுங்கள். இந்த இரைச்சல் பேச்சைவிடச் சற்று உரக்க இருப்பது நல்லது. மறுபடி கேளுங்கள்.

மௌனத்தில் வெட்டுப்பட்டுக் கேட்ட வார்த்தை, இரைச்சலில் முழுமையாகக் கேட்பது போல இருக்கும். பத்து முறை கேட்டாலும், வெட்டியது நீங்கள்தான் என்று தெரிந்திருந்தாலும், அப்படித்தான் கேட்கும்.

சூழல் கைவிடும் இடங்கள்

இப்போது அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். "அறை", "அரை" இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். எனவே காது உதவாது. சூழலைப் பார்த்தால், "அறை வாடகை மட்டும் கொடுத்தால் போதும்" என்பதும் சரியான வாக்கியம், "அரை வாடகை மட்டும் கொடுத்தால் போதும்" என்பதும் சரியான வாக்கியம். போதாக்குறைக்கு "மட்டும்", "போதும்" என்ற வார்த்தைகள் பாதி என்ற பொருளுக்கே இழுக்கின்றன. கம்ப்யூட்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அந்த இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தாலும் அப்படியே எழுதியிருக்கலாம். அப்பா "ரூம் வாடகை" என்று சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை.

இரண்டு வார்த்தையும் ஒரே இடத்தில் பொருந்தும் என்றால் மூளையும் ஏமாறும், கம்ப்யூட்டரும் ஏமாறும். பெயர்கள், ஊர்கள், தேதிகள், தொகைகள், மருந்தின் அளவு எல்லாம் இந்த வகை. ஆங்கிலத்தில் பிப்டீன் என்றாலும் பிப்டி என்றாலும் வாக்கியம் கெடாது. மருந்து கெட்டுவிடும். அதனால்தான் மருத்துவத் துறையில் "ஒன் பைவ்", "பைவ் ஜீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்குகிறார்கள். விமானிகள் "ஆல்பா, பிராவோ, சார்லி" என்று எழுத்துகளைச் சொல்லும் முறை 1956-ல் உலகம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. நாம் போனில் இனிஷியல் சொல்லும்போது "பாம்பேயில் வரும் பி", "டெல்லியில் வரும் டி" என்கிறோமே, அதுவும் இதே வேலைதான். சூழல் இல்லாத இடத்தில் நாமே சூழலைச் செய்து கொடுக்கிறோம்.

கம்ப்யூட்டர் துறையிலும் இதே தந்திரம் உண்டு. ஆதார் எண்ணின் 12-வது இலக்கம் வெறும் இலக்கம் அல்ல. முதல் 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுச் சேர்க்கப்பட்ட காவல்காரன் அது. நடுவில் ஓர் இலக்கம் தப்பாக அடிக்கப்பட்டால் கணக்கு இடித்துவிடும்.

எனவே பேசி எழுதும்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

* முழு வாக்கியமாக, இயல்பான வேகத்தில் பேசுங்கள்.

* குழப்பம் தரும் வார்த்தைக்கு வேறு வார்த்தை இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

* பெயர், தேதி, பணம், மருந்து நான்கையும் அனுப்பும் முன் கண்ணால் படியுங்கள். முடிந்தால் கீபோர்டிலேயே அடியுங்கள்.

* பின்னணியில் டி.வி. ஓடினால் நிறுத்துங்கள். இரைச்சல் இருந்தால் கம்ப்யூட்டர் ஊகிக்கத் தொடங்கிவிடும்.

அப்பாவின் காது

இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இதைப் படித்துத் தெரிந்து கொண்டபோது எனக்கு உறைத்தது வேறு ஒன்று.

அப்பா நூற்பு மில்லில் 30 வருடம் வேலை பார்த்தவர். இரவு பகலாக ஓடும் ஸ்பிண்டில் சத்தத்தில் காது கெட்டுப் போனது. தொடர்ந்து இரைச்சலில் இருப்பவர்களுக்கு முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள உயர்ந்த ஒலிகள். ஆ, ஊ போன்ற உயிர் ஒலிகள் தாழ்ந்த பகுதியில் இருப்பதால் நன்றாகவே கேட்கும். "ஸ்", "ஷ்", "ச" போன்றவை மங்கிவிடும். "குரல் கேட்குது, வார்த்தைதான் புரியலை" என்று அப்பா அடிக்கடி சொல்வார். நான் நம்பியதில்லை. வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் புரிகிறது, போனில் பேசினால் மட்டும் புரியவில்லை என்றால், கவனிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கத்துவேன். கோபம் வரும். சில நாள் பாதியில் போனை வைத்திருக்கிறேன்.

உண்மை என்ன? நேரில் பேசும்போது என் உதட்டையும் முகத்தையும் பார்க்கிறார். சத்தத்துக்கு நடுவே வாயசைவைப் பார்த்துப் புரிந்து கொள்வது மில்லில் பழகிய பழக்கம். என்ன விஷயம் என்பதும் முன்பே தெரியும். போனில் இரண்டும் இல்லை. பழைய முறை டெலிபோன் இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். "ஸ்" போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. காது விட்டு வைத்த கொஞ்சத்தையும் போன் வெட்டிவிடுகிறது. மீதி எல்லாம் அப்பாவின் மூளை ஊகித்து நிரப்ப வேண்டியதுதான். நான் பேச்சை மாற்றிக் கொண்டே போவேன். அவர் முந்தைய விஷயத்தை வைத்து நிரப்பிக் கொண்டிருப்பார். கத்தினால் உயிர் ஒலிகள்தான் இன்னும் பெரிதாகும். தேவைப்படும் மெய் ஒலிகள் அப்படியே இருக்கும்.

இப்போது என் பழக்கத்தை மாற்றிக் கொண்டேன். முதலில் தலைப்பு. "அப்பா, ரயில் டிக்கெட் விஷயம்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பக் கத்துவதில்லை. வேறு வார்த்தையில் சொல்கிறேன். தேதியை இரண்டு விதமாகச் சொல்கிறேன்: "பதினாறாம் தேதி, ஒண்ணு ஆறு." முடிந்தபோது வீடியோ காலில் வருகிறேன், வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்து கொண்டு. காது டாக்டரிடம் காட்டிப் பரிசோதனையும் செய்தாயிற்று. மிஷின் வைக்கலாம் என்றிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். புதுக் கம்ப்யூட்டருடன் பொறுமையாக, தெளிவாக, முழு வாக்கியமாகப் பேசப் பழகும் நாம், அதே மரியாதையை முதலில் அவர்களுக்குக் கொடுக்கலாம்.

போன வாரம் போனில் இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப மெஷினுக்கும் என்னை மாதிரி காது மந்தம்தான்னு சொல்லு. பாவம், நல்லாப் பேசிப் பழக்கி விடுறேன்" என்றார்.

மாடி வீட்டுப் பையனின் அம்மா குணமாகி ஊர் திரும்பிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து வாடகை முழுதாக வருகிறது. அப்பா இப்போது "ரூம் வாடகை" என்றுதான் சொல்கிறார், அனுப்பும் முன் கண்ணாடி போட்டுக் கொண்டு ஒரு முறை படித்தும் பார்க்கிறார்.